பரங்கிமலைச் சிலுவையும் பரிசோதனைச் சாலையும்

அடையாற்றின் கரையை ஒட்டிய சின்னமலைக்கும், அதற்குத் தென்மேற்கே முந்நூறு அடி உயரத்தில் எழுந்து நிற்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிண்டி அமைந்திருக்கிறது. இயேசுநாதரின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான புனித தோமையார் சின்னமலைக் குகையில் மறைந்து வாழ்ந்தார் என்றும், பரங்கிமலையின் உச்சியில் கி.பி. 72ஆம் ஆண்டளவில் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியாக மரித்தார் என்றும், மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் நெடுங்கால ஐதீகம் ஒன்று உண்டு. அந்த ஐதீகத்தைத் தாங்கி நிற்கும் பொருள்கள் சிலவே. பரங்கிமலைக் கோயிலின் பீடத்தில் பதிந்துள்ள கற்சிலுவை, சுவிசேஷகர் லூக்கா தம் கையாலேயே தீட்டியது என்று அங்கே வணங்கப்படும் தேவமாதா படம், சாந்தோம் பேராலயத்தில் காக்கப்படும் ஈட்டிமுனை, எலும்புத் துணுக்கு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கத்தோலிக்கர் அருளிக்கம் என்றும் திருப்பண்டம் என்றும் போற்றும் இப்பொருள்கள் மெய்யானவைதாமா என்று வினவுவது பக்திக்கு விரோதம் என்று ஒரு சாராரும், வினவவே வேண்டாம், யாவும் போர்ச்சுக்கீசியர் கட்டிய கதை என்று மற்றொரு சாராரும் கூறி வருகின்றனர். வினா எழுப்பப்பட வேண்டும் என்பதும், ஒவ்வொரு பொருளையும் அதனால் விடை கூற இயலும் கேள்வியையே கேட்க வேண்டும் என்பதும், அவ்வாறு கேட்டால் கிடைக்கும் விடை இரு சாராரும் எதிர்பாராத செல்வமாக இருக்கக்கூடும் என்பதும் நமது கருத்து.

முதலில் ஏடுகள் கூறுவதைக் காண்போம். தோமையாரின் இந்திய யாத்திரையை விவரிக்கும் மிகப் பழைய நூல், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடெஸ்ஸா நகரத்தை ஒட்டிய சுரியானி மொழிச் சூழலில் தோன்றிய ‘தோமையார் பணிகள்’ என்பதாகும். அதிசயங்கள் நிறைந்த அந்நூலில் வரும் குந்தபோரஸ் என்ற இந்திய அரசனின் பெயர் வேறெந்தச் சரித்திரத்திலும் காணப்படாமையால், அவன் கற்பனைப் பாத்திரமே என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1830களில் சார்லஸ் மேசன் முதலியோர் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் திரட்டிய நாணயங்களில் அதே பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பின்னர் தக்த்-இ-பாஹியில் கிடைத்த சாஸனம் அவ்வரசனின் ஆட்சியை 1ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறுத்தியது. கதையில் வந்தவன் மெய்யாகவே அரசாண்டவன் என்று நிலைநாட்டப்பட்டபோது பலர் பெருமகிழ்ச்சி எய்தினர். ஆயினும் நாணயம் நிரூபித்தது அரசன் இருந்தான் என்பதை மட்டுமே. அவனது அவைக்கு அப்போஸ்தலர் வந்தார் என்பதை அது நிரூபிக்கவில்லை, அவர் மயிலைக்கு வந்தார் என்பதை அது தொடவும் இல்லை. ஒரு பிரமாணம் தான் தொடும் இடத்துக்கு அப்பால் ஓர் அங்குலமும் செல்லாது என்ற இந்த நியதியை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் மேற்கொண்டு ஆராய்வதில் பயன் உண்டு.

இதே எச்சரிக்கை கடல் வாணிகத்தைப் பற்றிய வாதத்துக்கும் பொருந்தும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இத்தாலிய நாட்டு அரெட்டைன் மட்கலங்கள் வெளிப்பட்டு, 1ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை ரோமாபுரியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தமை ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தது. அக்காலத்தில் பருவக்காற்றைத் துணைகொண்டு செங்கடலிலிருந்து யூத வணிகன் ஒருவனோ சமயப் போதகர் ஒருவரோ இங்கே வந்திருக்க இயலும் என்பதில் தடை ஏதுமில்லை; எனினும், இயலும் என்பது நிகழ்ந்தது என்பதாகிவிடாது.

மயிலையில் தோமையாரின் கல்லறை என்று ஓரிடம் வணங்கப்பட்டு வந்தது போர்ச்சுக்கீசியரின் கற்பனை அன்று என்பதை ஒப்புக்கொள்வது நியாயம். 1291இல் இந்தியா வந்து பதின்மூன்று மாதங்கள் தங்கியிருந்த மொந்தே கொர்வினோ யோவான் என்ற பிரான்சிஸ்கன் துறவி, தம்முடன் வந்து இங்கே காலஞ்சென்ற நண்பரைத் தோமையார் கோயிலில் அடக்கம் செய்ததாக எழுதியிருக்கிறார். அவருக்குச் சற்றுப் பின்னர் வந்த மார்க்கோ போலோ, கிறிஸ்தவர் மட்டுமன்றி முகம்மதியரும் அவ்விடத்துக்கு யாத்திரை வந்ததையும், அங்குள்ள செம்மண்ணை நோய்க்கு மருந்தாக எடுத்துச் சென்றதையும் குறிப்பிடுகிறார். அப்போஸ்தலர் மாண்ட விதத்தைப் பற்றி அவர் கேட்டறிந்த கதை சுவாரசியமானது: மயில்களுக்குக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறுதலாகப் பட்டு அவர் மாண்டார் என்பது அது. ஈட்டியும் கொலையும் அக்கதையில் இல்லை. ஆக, கல்லறை வழிபாடு 13ஆம் நூற்றாண்டிலேயே நிலவியது என்பது உறுதி. ஆயினும் 13ஆம் நூற்றாண்டுக்கும் 1ஆம் நூற்றாண்டுக்கும் இடையே ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

எலும்புகளின் வரலாறோ இன்னும் சிக்கலானது. அவை இந்தியாவிலிருந்து மேற்கே எடுத்துச் செல்லப்பட்டன என்று ‘தோமையார் பணிகள்’ நூலே கூறுகிறது. 4ஆம் நூற்றாண்டில் எடெஸ்ஸாவில் வாழ்ந்த புனித எஃப்ரேம், ஒரு வணிகன் அவற்றை அந்நகருக்குக் கொணர்ந்ததாகப் பாடியிருக்கிறார். பின்னர் கியோஸ் தீவு சேர்ந்த அவை, 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு இன்றும் அங்கே வணங்கப்படுகின்றன. 1953இல் கர்தினால் திஸ்ஸராங் கேரளத்துக் கொடுங்கல்லூருக்குக் கொணர்ந்த கரத்தின் எலும்பும் ஒர்த்தோனாவிலிருந்து பெறப்பட்டதே. இவ்வளவுக்கும் இடையே, 1523இல் போர்ச்சுக்கீசியர் மயிலைக் கல்லறையை அகழ்ந்தபோது எலும்புகளும், ஈட்டிமுனையும், இரத்தம் தோய்ந்ததாகக் கருதப்பட்ட மண் நிறைந்த கலம் ஒன்றும் கிடைத்தன என்று கூறப்பட்டது. அந்த அகழ்வில் பங்குகொண்ட தியோகோ பெர்னாந்தஸ் என்பவரின் வாக்குமூலம் 1533இல்தான் பதிவாயிற்று. கண்டெடுக்க வேண்டும் என்ற ஆவலோடு தோண்டியவர்கள், மண்ணின் அடுக்குகளைக் குறித்து வைக்கும் வழக்கமே தோன்றியிராத காலத்தில் தோண்டியது, பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து உரைக்கப்பட்டது. அவர்கள் பொய் கூறினர் என்று சொல்ல நமக்கு முகாந்தரம் இல்லை. ஆனால் இன்றைய தொல்லியலாளர் எவரும் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஒரு காலத்தை நிர்ணயிக்கத் துணியமாட்டார்.

இப்பொருள்கள் யாவற்றிலும் நமக்கு மிகுதியாகக் கற்பிப்பது பரங்கிமலைச் சிலுவைதான். 1547இல் மலை உச்சியில் கோயில் கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது, பூவேலைப்பாடுடைய சிலுவையும் அதைச் சுற்றி வில்லாக வளைந்த ஓர் எழுத்து வரியும் செதுக்கிய கல் வெளிப்பட்டது. கல்லின் மீது காணப்பட்ட கறைகளை அப்போஸ்தலரின் இரத்தம் என்று கண்டவர்கள் கருதினர். 1558 டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலி வேளையில் சிலுவை வியர்த்து இரத்தம் சிந்தியதாகவும், அதன் பின்னர் 1704 வரை பலமுறை அவ்வாறு நிகழ்ந்ததாகவும் பதிவுகள் உள்ளன; அப்பதிவுகள் அக்கால மக்களின் விசுவாச வரலாற்றுக்குச் சான்றுகள், இன்று எந்த ஆய்வுக்கூடமும் அவற்றை மெய்யென்றோ பொய்யென்றோ கூற வழியில்லை. எழுத்தின் கதை வேறு. எவருக்கும் விளங்காத அந்த வரியை வாசிக்கும்படி போர்ச்சுக்கீசியர் பண்டிதர் ஒருவரை அழைத்தனர். அவர், எழுத்து ஒவ்வொன்றும் பல சொற்களைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டு, தோமையாரின் வருகையையும் மரணத்தையும் கூறும் நீண்ட வரலாறு ஒன்றை அதிலிருந்து வாசித்துக் கொடுத்தார். கேட்டவர்கள் எதைக் கேட்க விரும்பினார்களோ அதையே கல்லும் சொல்லிவிட்டதால், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அந்த வாசிப்பை எவரும் பரிசோதிக்க முற்படவில்லை.

1873இல் சென்னை மாகாணத்துச் சிவில் உத்தியோகஸ்தரும் தென்னிந்திய எழுத்தியலில் பேரறிஞருமான ஏ. சி. பர்னெல், அவ்வெழுத்து பாரசீக நாட்டுப் பஹ்லவி என்பதை எடுத்துக்காட்டினார். அதன் பிறகு மேனாட்டு அறிஞரும் பார்சி அறிஞரும் மாறி மாறி வாசித்து, வேறுபட்ட பாடங்களை வெளியிட்டனர். 1920களின் இறுதியில் விங்க்வர்த் என்ற ஆங்கிலேய அறிஞர் கண்ட பாடமே பின்னர் வந்த ஆய்வுகளுக்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. சஹர்புக்த் என்பவரின் மகனான அஃப்ராஸ் என்ற சுரியானிக் கிறிஸ்தவர், இச்சிலுவையைச் செய்வித்த தம்மீது ஆண்டவர் இரக்கம் கொள்ள வேண்டும் என்று மன்றாடுவதாக அது பொருள்படுகிறது. சில சொற்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் உண்டு. ஆயினும் தோமையாரின் பெயரோ அவர் மரித்த வரலாறோ அதில் இல்லை. ஏறத்தாழ இதே வாசகம் தாங்கிய சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும், கடமற்றத்திலும், முட்டுச்சிறையிலும் இருக்கின்றன. எழுத்தில்லாத ஒத்த வடிவம் ஒன்று 1912இல் இலங்கையின் அனுராதபுரத்தில் கிடைத்தது. எழுத்தின் அமைதியைக் கொண்டு இவற்றை ஏறத்தாழ 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் வைப்பது பெருவழக்கு. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டிருப்பதும் இந்தக் கணிப்புக்கு அரண் செய்கிறது.

இந்த ஆராய்ச்சியால் நாம் இழந்தது எது, பெற்றது எது என்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போஸ்தலர் தம் கையால் செதுக்கி, அதன் மீதே உயிர் துறந்த சிலுவை என்ற உரிமையை அக்கல் இழந்தது மெய். அதற்கு ஈடாக, பல்லவர் ஆண்ட தொண்டை நாட்டின் கடற்கரையில் பாரசீகத்துக் கிறிஸ்தவர் வாழ்ந்தனர், தம் மொழியில் பிரார்த்தனையைக் கல்லில் பொறித்தனர், அவர்களுடைய தொடர்பு கேரளத்திலிருந்து இலங்கை வரை பரவியிருந்தது என்னும் செய்தியைத் தமிழகத்தின் சரித்திரம் பெற்றது. இதற்கு நிகரான சான்று இம்மாநிலத்தில் வேறில்லை. ஐதீகம் ஒரு புனிதரைப் பற்றிப் பேசியது. கல்லோ ஒரு சமுதாயத்தையே நம் முன் நிறுத்துகிறது. இத்தகைய பொருளின் முன்னே ‘மெய்யா பொய்யா’ என்று மட்டும் கேட்டுத் திரும்புவது, கேட்பவரின் அறிவுக்குத்தான் குறைவு.

எழுத்தியல் செய்த இப்பணியை விஞ்ஞானம் மேற்கொண்டு செல்ல இயலும். சிலுவை செதுக்கிய கல் எந்த மலையினது என்பதை அதன் தாதுக்களைக் கொண்டு கல்லியலார் கூறுவர். 1893இல் தாமஸ் ஹாலண்ட் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்த பாறைக்கு மூலஸ்தானமே பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் சார்ந்த குன்றுகளாக இருக்க, இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய ஒப்பீட்டுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. தேவமாதா படத்தின் வண்ணங்களைச் சிறிதும் சுரண்டாமலே ஊடுகதிரின் உதவியால் பகுத்தறியலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் மூலவண்ணத்தில் இருந்தால் ஒரு முடிவும், பலகையின் மரம் இன்ன நூற்றாண்டினது என்று தெரிந்தால் மற்றொரு முடிவும் கிட்டும். ஈட்டிமுனையின் இரும்பில் கலந்துள்ள அடுப்புக்கரியின் கார்பனைக் கொண்டு அது உருக்கப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். எலும்பைப் பொறுத்தவரை, அதன் கொல்லஜன் என்னும் புரதத்தில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்ற விதியைக் கொண்டு அது யாருடையதாயினும் எக்காலத்தவருடையது என்று அறியலாம். அந்தக் கொல்லஜனின் முப்புரி அமைப்பை 1950களில் உலகுக்கு உணர்த்தியவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன், அவர் நிறுவிய துறை இன்றும் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது என்பதை எண்ணும்போது, இவ்விஷயத்தில் நாம் பிறர் வாயையே பார்த்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

தடைகளையும் மறைப்பதற்கில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் கொல்லஜன் விரைவில் அழியும். கடல்மீனை உணவாகக் கொண்டவரின் எலும்பு, திருத்தக் கணக்குச் செய்யாவிடில், மெய்யான வயதினும் மூத்ததாகத் தோன்றும். பல கைகள் தொட்டு முத்தமிட்ட பொருளில் அயல் மரபணு கலந்திருக்கும். யாவற்றுக்கும் மேலாக, ஓர் எலும்பு 1ஆம் நூற்றாண்டினது என்று நிரூபணமானாலும், அது தோமையாருடையது என்று உரைக்கும் கருவி உலகில் இல்லை; ஒப்பிடுவதற்கு அவருடைய உறவினர் எவருடைய எலும்பும் நம்மிடம் இல்லை. ஆனால் மயிலைத் துணுக்கும் ஒர்த்தோனா எலும்புகளும் ஒரே மனிதருடையனவா என்பது விடை காணக்கூடிய கேள்வி.

பிற இடங்களின் அனுபவம் இதை விளக்கும். இத்தாலியின் தூரின் நகரத்துத் திருத்துகிலை 1988இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் பரிசோதித்து 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றன. சின்ன யாகப்பருடையது என்று ரோமாபுரியில் வணங்கப்பட்ட தொடை எலும்பு 214க்கும் 340க்கும் இடையே வாழ்ந்த ஒருவருடையது என்று 2021இல் தெரியவந்தது. பாதுவா நகரிலுள்ள புனித லூக்காவின் உடலோ, காலத்தாலும் மரபணுவாலும் சிரியா நாட்டவர் ஒருவருடையதாக இருக்கலாம் என்ற முடிவை 2001இல் பெற்று, ஐதீகத்தோடு முரண்படாமல் நின்றது. நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு இன்னும் சிறப்பானது. 1624இல் பாரசீகத்தில் வேதசாட்சியான ஜார்ஜிய அரசி கெத்தவானின் எலும்புகள் பழைய கோவாவின் அகஸ்தீனார் மடத்தில் வைக்கப்பட்டிருந்தன என்ற ஏட்டுச் செய்தியைப் பற்றிக்கொண்டு, இந்தியத் தொல்லியல் துறை அவ்விடிபாடுகளில் தேடிக் கண்ட எலும்பை ஐதராபாத் உயிரணு மூலக்கூறு ஆய்வு மையம் ஆராய்ந்தது. ஆயிரக்கணக்கான இந்தியரிடம் காணப்படாத மரபணுக் கிளை ஒன்று அதில் இருந்தது, ஜார்ஜியரிடமும் அது காணப்பட்டது. 2021இல் இந்திய அரசு அதை ஜார்ஜியாவுக்கு அளித்தபோது அந்நாடு அரச மரியாதையோடு ஏற்றது. ஏடும் அகழ்வும் ஆய்வுக்கூடமும் ஒன்றையொன்று தாங்கிய இடத்தில் மட்டுமே இத்தகைய உறுதி கிட்டுகிறது.

கீழடியில் எடுத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, கி.மு. 6ஆம் நூற்றாண்டினது என்ற விடையோடு திரும்பியபோது தமிழர் அனைவரும் மகிழ்ந்தோம். அளவுகோல் நமக்குப் பெருமை தரும் இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் என்றால் அது அளவுகோலாகாது. கீழடிக்கு ஒரு நியாயம், பரங்கிமலைக்கு ஒரு நியாயம் என்று இருக்கலாகாது. ஆராயாமல் விடப்பட்ட இடத்தில் போலிகள் நுழையும் என்பதற்கும் இந்நகரமே சாட்சி. தோமையாரையும் திருவள்ளுவரையும் இணைக்கும் ஓலைச்சுவடி ஆதாரங்கள் தம்மிடம் உள்ளதாக 1970களில் ஒருவர் சொல்லி, பேராயர் ஒருவரிடமே பல லட்சம் ரூபாய் பெற்றதும், அவை போலி என்று தெரிந்து வழக்கு நீதிமன்றத்தில் தண்டனையோடு முடிந்ததும் இங்கே நிகழ்ந்தவை.

விசுவாசம் குலைந்துவிடும் என்று அஞ்சுவோர் திருச்சபையின் வரலாற்றையே நோக்கலாம். 1563இல் திரெந்து சங்கம், மேற்றிராணியாரின் சோதனையும் ஒப்புதலும் இன்றிப் புதிய அருளிக்கம் எதையும் ஏற்கலாகாது என்று விதித்தது. 17ஆம் நூற்றாண்டு முதல் பொல்லாந்தியர் என்ற சேசு சபைத் துறவியர் புனிதர் வரலாறுகளில் மெய்யையும் கட்டுக்கதையையும் ஈவிரக்கமின்றிப் பிரித்துக் காட்டினர். 2017 டிசம்பரில் வத்திக்கான் திருப்பண்டங்களின் மெய்ம்மையையும் பாதுகாப்பையும் பற்றியே தனி அறிவுரை ஒன்றை வெளியிட்டது. தோமையாரின் எலும்பு மயிலையில் இருப்பது கத்தோலிக்க விசுவாசப் பிரமாணத்தின் பகுதி அன்று. தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று உரைத்தவர் என்றே நற்செய்தியில் அறியப்படும் சீடரின் பெயரால், தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று தடுப்பது பொருத்தமாகவும் இல்லை.

மறுபுறம், ஆய்வின் முடிவைக் கொண்டு ஒரு சமயத்தாரைச் சிறுமைப்படுத்தலாம் என்று காத்திருப்போரும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சாந்தோம் வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. மயிலைக் கடற்கரையின் மண் சைவருக்கும், பாரசீகக் கிறிஸ்தவருக்கும், போர்ச்சுக்கீசியருக்கும், பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்த ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கானுக்கும் ஒருசேர இடம் கொடுத்த மண். அந்த அடுக்குகள் அனைத்தையும் அறிய விரும்புகிறவருக்கு மட்டுமே ஆராய்ச்சி என்று பேச உரிமை உண்டு. ஓர் அடுக்கை நிறுவ மற்றோர் அடுக்கை அழிக்க நினைப்பவர், 1523இல் தோண்டியவர்களின் ஆவலையே வேறு திசையில் கொண்டிருக்கிறார்.

ஆகவே நாம் வேண்டுவது இது. மறைமாவட்ட நிர்வாகங்களும், மாநிலத் தொல்லியல் துறையும், சென்னைப் பல்கலைக்கழகமும், ஐதராபாத் மையமும் கூடி ஒரு குழு அமைக்கட்டும். பொருளுக்குச் சிறிதும் ஊறு செய்யாத முறைகளால் சிலுவையையும் படத்தையும் முதலில் ஆராயட்டும். கோதுமை மணியளவும் வெட்டி எடுக்க நேரும் சோதனைகளை, அவசியம் தெளிவான பின்னரே, வழிபடுவோரின் உணர்ச்சிக்கு மதிப்பளித்து மேற்கொள்ளட்டும். எந்தப் பொருளிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம், எந்த விடை வந்தால் என்ன முடிவுக்கு வருவோம் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே எழுத்தில் வெளியிட வேண்டும். முடிவு ஐதீகத்துக்கு அனுகூலமாயினும் பிரதிகூலமாயினும் அதை முழுவதும் தமிழில் மக்கள் முன் வைப்போம் என்ற வாக்குறுதியும் அதனுடன் சேர்ந்திருக்க வேண்டும்; அவ்வாக்குறுதியை அளிக்கத் தயங்குவோர் எத்தரப்பினராயினும், அவர்கள் அக்குழுவில் இடம்பெறாதிருப்பதே நன்று.